திருத்தம் என்று மட்டும் எழுதிய நோட்டு

பரிதா பயப்படாத பொருள் உலகத்தில் குறைவு. டெலிபோன் மணி அடித்தால் பயம், பஸ் கண்டக்டர் முறைத்தால் பயம். தருமபுரி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த காஜாவின் மகள் அவள். சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 1988இல் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மில்லுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். எந்த மிஷினை எத்தனை மணிக்கு நிறுத்திச் சுத்தம் செய்வது என்று தினமும் அது இரண்டு தாள் அச்சடிக்கும். ஒன்று கரண்டை நிறுத்திப் போடும் எலக்ட்ரீசியன் மாதுவுக்கு. மற்றது மிஷினுக்குள் கையை விட்டு அடைத்த பஞ்சை எடுக்கும் தீர்த்தம்மாளுக்கு.

புரோகிராமில் ஒரு வரி மாற்றினாலும் நோட்டில் எழுத வேண்டும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று முதலில் பரிதா நாலு வரி எழுதிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பெரியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. முதலாளி நோட்டைப் புரட்டினால் இத்தனை தப்பா என்று கேட்பாராம்.

“திருத்தம்னு மட்டும் போடும்மா. வம்பு வராது.”

வேலை போய்விடுமோ என்ற நடுக்கத்தில் அவளும் அப்படியே எழுதினாள். தான் மாற்றும்போது அவரும் அதையே எழுதினார். நோட்டு பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு புதன்கிழமை, அன்றைய தாள்களின் நகல்களை ஃபைலில் வைக்கும்போது அவள் கண்ணில் அது பட்டது. பதினாலாம் மிஷினுக்கு, தீர்த்தம்மாள் தாளில் பதினொன்றரை வரை நேரம். மாது தாளில் பதினொன்று வரைதான். அவன் சுவிட்சைப் போடும்போது அந்த அம்மாளின் கை உள்ளே இருக்கும். மணி பத்து ஐம்பது.

எந்த மாற்றத்தால் வந்த வினை இது? நோட்டைத் திறந்தாள். அந்த வாரம் மூன்று வரி. திருத்தம், திருத்தம், திருத்தம். பெரியண்ணன் வேலையாக நல்லம்பள்ளி போயிருந்தார்.

மிஷின் ஷெட்டின் சத்தத்துக்குப் பயந்து அவள் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. இப்போது செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். மாது சுவிட்சில் ஒரு கையை வைத்து, மறு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். காரணம் சொல்லாமல், அரை மணி பொறுக்கச் சொன்னாள். சூப்பர்வைசர் சொல்லாமல் நேரத்தைத் தள்ள முடியாது என்றான். ஷெட்டின் மறுகோடியில் தீர்த்தம்மாளின் கை தோள்வரை மிஷினுக்குள் இருந்தது.

சொன்னால் வேலை போய்விடும் என்று பரிதாவுக்குத் தெரியும். அவன் காதருகே போய்ச் சொன்னாள்.

“மாதண்ணா, அந்தத் தாளு தப்புங்க. தப்பு நான் பண்ணுனதா இருக்கும். போடாதீங்க.”

மாது சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் திரும்பி வந்த பெரியண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், நேரத்தைச் சரிசெய்துவிட்டு வழக்கம்போல ஒரே சொல்லை எழுதிவிடு என்றார்.

பரிதா பேனாவை எடுத்தாள். பதினாலாம் மிஷின், இரண்டு தாளிலும் நேரம் வேறு, மாற்றியது யார் என்று தெரியவில்லை, காரணத்தை நாங்கள் எழுதவில்லை என்று எழுதினாள். பெரியண்ணன் தடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் வந்து நின்ற தீர்த்தம்மாள், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். பரிதா வாசித்துக் காட்டினாள்.

“எம் பேரையும் எழுதுங்கம்மா,” என்றாள் தீர்த்தம்மாள். “யாரு கை உள்ள இருந்துச்சுன்னு படிக்கறவங்களுக்குத் தெரியட்டும்.”