ஒயர்கட் தையல்நாயகி

தையல்நாயகி அக்காவின் வேலைக்கு வேட்டு வைக்க இருந்த காகிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

தாம்பரத்தில் எங்கள் பட்டறையில், மெல்லிய பித்தளைக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி இரும்பை அறுக்கும் ஒயர்கட் மெஷின் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவது தொண்ணூறுகளில் வந்த பழைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை ஓட்டுவது அக்கா. திருநீர்மலைக்காரர், அப்பா குவாரியில் கல் உடைத்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் பட்டறையைப் பெருக்க வந்தார். ஆபரேட்டர் வராத ஒருநாள் தானே மெஷினை ஓட்டிக் காட்டினார். இருபத்தாறு வருடமாக அவர்தான். வரைபடத்தைப் பார்த்தே கம்பி எங்கே அறுந்துபோகும் என்று சொல்லிவிடுவார். எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்துக்காக என்னை அவருக்கு மேலே சூப்பர்வைசராக வைத்திருக்கிறார்கள்.

ஆயுதபூஜைதோறும் அக்கா கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றித் தூசி தட்டி, உள்ளே ஹார்ட் டிஸ்கின் மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்.

“மூடிமேல வெச்சாப் போதாதாக்கா?”

“ஓடறது உள்ளதானே கீது?”

இந்த வருடம் பூஜைக்கு நான்கு நாள் விடுமுறை. ஐந்தாம் நாள் காலை, ஹார்ட் டிஸ்க் பழுது என்று திரையில் வந்து நின்றது. முதலாளி மோகன்ராஜ், கேளம்பாக்கத்திலிருந்து முகிலன் என்ற சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தார். அவன் மூடியைத் திறந்தான், சந்தனத்தைப் பார்த்தான், சிரித்தான்.

“என்ன சார், ஹார்ட் டிஸ்குக்குக் கல்யாணமா?”

பத்தே நிமிடம். ‘டிஸ்க் செத்துவிட்டது. காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதி நீட்டினான். டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. முதலாளி படித்தார்.

“நாளைலேர்ந்து வர வேணாம்மா. புது மெஷினுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

இருபத்தாறு வருடத்துக்கு இவ்வளவுதான் பேச்சு!

அக்கா காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். கம்ப்யூட்டரின் தயாரிப்பு, மாடல் என்ற கட்டங்கள் காலியாக இருந்தன.

“யாருன்னே கேக்காம செத்துட்டான்னு எழுதிக்கிறியே?”

“அக்கா, இது மியூசியம் பீஸ். இதுக்கெல்லாம் பேரே கிடையாது” என்றான் முகிலன்.

“கீது.”

தன் நோட்டின் பின் அட்டையைக் காட்டினார். தினமும் கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது, கறுப்புத் திரையின் அடியில் சில நொடிகள் நின்று மறையும் நீளமான எண். அதை என்றோ எழுதி வைத்திருந்தார். அது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் சிப் சொல்லும் எண். உள்ளே இருப்பது எந்த மதர்போர்டு என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். போனில் தட்டித் தேடினேன். போர்டின் கையேடே வந்து விழுந்தது. கம்ப்யூட்டர் ஓடினால்தான் போர்டிலுள்ள பேட்டரி சார்ஜ் ஏறும். பழைய பேட்டரி இந்த நான்கு நாளில் இறங்கியதால், டிஸ்கின் அளவுக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு மறந்துபோயிருந்தது. டிஸ்க் லேபிளில் உள்ள மூன்று எண்களை மறுபடி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வியாதி.

ஆனால் லேபிளின் மேல் இத்தனை வருடச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

“அதான் சொன்னேனே!” என்று துள்ளினான் முகிலன்.

அக்கா ஈரத்துணியால் துடைத்தார். “மறைச்சது நானு. அது என் தப்பு. ஆனா கொன்னது நானில்ல.”

989, 15, 56. அடித்தேன். டிஸ்க் கரகரவென்று முனகியது. பழைய மெனு வந்துவிட்டது.

“சரி சரி, போய் வேலையப் பாரும்மா” என்றார் முதலாளி, ஒன்றுமே நடக்காதது மாதிரி. அக்கா நகரவில்லை.

“மொதல்ல அந்தக் காயிதத்த மாத்தச் சொல்லு மொதலாளி.”

“சாரிக்கா” என்றான் முகிலன்.

“உன் சாரி யாருக்கு வேணும்? எழுது.”

காலிக் கட்டத்துக்கு அந்த நீள எண்ணை நோட்டைப் பார்க்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் பேட்டரி என்று எழுத வைத்தார். பிறகு காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

“தம்பி, இந்த வாட்டியாச்சும் படிச்சிட்டுப் போடு.”