வித்தியாசம் ஒன்றுதான்

நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவளை ஊரில் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தாளில் கோடு கிழிக்கும் கருவியின் ஊசியைப் பார்த்துக்கொள்வதால் வந்த பெயர். விவரம் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ள வந்து நின்றவர்களும் உண்டு.

அந்த வருடம் பூமி ஒருமுறை குலுங்கியது. ரிக்டர் அளவில் ஐந்து. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பிரசவ வார்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல். அங்கே நர்ஸாக இருந்த அவள் தங்கைதான் வந்து சொன்னாள். கட்டடத்தைச் சோதிக்க ஒரு குழு போட்டார்கள். அதன் அறிக்கை செய்தித்தாளில் வந்தது: ‘ஐந்தைத் தாங்கிய கட்டடம் ஆறையும் தாங்கும், வித்தியாசம் ஒன்றுதான்.’

படித்ததும் ஊசியக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அளவில் ஒன்று கூடினால் நிலத்தின் ஆட்டம் பத்து மடங்கு. வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே படித்த பாடம். இதைக்கூட யாரிடமும் கேட்டுக்கொள்ளாமல் பிள்ளைத்தாய்ச்சிகளை அந்தச் சுவரோரம் படுக்க வைக்கிறார்களே என்று பொருமினாள். மேலதிகாரியிடம் போனாள். நமக்கெதற்கு வம்பு, நம் வேலை அளப்பதோடு சரி என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் குழுவின் கூட்டத்துக்கே போய் நின்றாள். தலைவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“ஒரு நம்பர்தானேம்மா, இதுக்குப் போயா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார்.

அவள் பதிவுத் தாளை மேஜையில் விரித்தாள். ஐந்தின் கோடு மூன்று விரற்கடை உயரம். அதே இடத்தில் ஆறு வந்தால் எங்கே போய் நிற்கும் என்று சிவப்பு மையால் வரைந்தாள். தாள் முடிந்து, கோடு மேஜை விரிப்பில் ஏறி, தலைவரின் தேநீர்க் கோப்பை வரை போயிற்று. கோப்பையை நகர்த்திவிட்டு மேலும் இழுத்தாள்.

“இதுதாங்க நீங்க சொன்ன அந்த ஒரு நம்பர். என் தங்கச்சி அந்தச் சுவத்துக்குப் பக்கத்துலதான் பிரசவம் பாக்குறா. நீங்க ஒரு வாரம் அங்க உக்காந்து கூட்டம் போடுங்க, அப்புறம் நானும் நம்புறேன்.”

குழுவிலிருந்த பொறியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைச் சாண் வைத்து அளந்தார்.

“அவங்க சொல்றது சரி. நாம எழுதினதுதான் தப்பு” என்றார்.

பத்து நாளில் வார்டு, மாடியில்லாத பக்கத்துக் கட்டடத்துக்கு மாறியது. புது அறிக்கையில், ‘எழுத்துப் பிழை திருத்தப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி. எழுத்துப் பிழையாம்! அது போதாதென்று, அனுமதியின்றிக் கூட்டத்தில் நுழைந்ததற்கு அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது.

புது வார்டில் முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத் தங்கை வந்தபோது, அக்கா அந்த விளக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. வருந்துகிறேன் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.