ரெண்டு கட்டைதான், தம்பி!

எழுபதுகளின் நடுவில், ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற ரோட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அரவேணுவில் எங்கள் வீடு. அப்பா தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் வந்த வினைதான் இத்தனையும்.

காலேஜில் சேர்ந்து ஒரே வருடத்தில் நின்றுவிட்டேன். டைப்ரைட்டிங் போனேன், பரீட்சைக்கு முந்தின வாரம் நின்றுவிட்டேன். லாரி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டேன், அதைத் திரும்பப் பூட்டுவதற்குள் அங்கேயும் நின்றுவிட்டேன். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பேரே ‘பாதி’. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, “ஏண்டா பாதி, இதையாவது முழுசாத் தின்னுட்டு எந்திரிப்பியா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்ன சொல்லி மறுப்பது? உண்மைதானே.

அருவங்காட்டில் வெடிமருந்து பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த என் தாய்மாமன் மகள்மேல் எனக்கு உயிர். அவளுக்கும் என்மேல் பிரியம் உண்டு. அம்மா தன் தம்பியிடம் பேசிப் பார்க்கப் போனபோது மாமா கோபமெல்லாம் படவில்லை. காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, “பையன் தங்கமான பையன்தானுங்க்கா. ஆனா எதையாச்சும் ஒன்னை முழுசா முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. அப்பறம் கண்ணாலத்தைப் பேசலாம்” என்றாராம். அம்மா வந்து சொன்னதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தேன்.

பேர்தான் மாரத்தான். நிஜ மாரத்தானில் பாதி தூரம்கூட அது தேறாது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதிலும் பாதிதான் போங்கள்! குன்னூரில் சில இளைஞர்கள் சேர்ந்து நடத்திய ஓட்டப் போட்டி அது. கோத்தகிரியில் தொடங்கிக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் முடிய வேண்டும். மூடுபனியில் யாரும் எஸ்டேட் ரோட்டில் திரும்பிவிடக் கூடாதென்று, வளைவுக்கு வளைவு ஒரு மரக்கட்டையை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஓட முடியாமல் நிற்பவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு ஜீப் வரும். மாமா, முடிகிற இடத்தில் தானே வந்து நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கடைசி ஆளாக வந்தாலும் போதும், முடித்தால் பெண் கிடைக்கும். ஜீப்பில் போய் இறங்கினால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் நான் ‘பாதி’.

கோத்தகிரியில் கிளம்பும்போது தூறல்தான். கட்டபெட்டு வருவதற்குள் மழை சாட்டையால் அடிப்பது மாதிரி அடிக்க ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் செம்மண் தண்ணீர் ஓடுகிறது. ஒரு இடத்தில் மண் சரிந்து, தேயிலைச் செடிகள் வேரோடு ரோட்டில் கிடந்தன. கான்வாஸ் ஷூ தண்ணீர் குடித்துக் குடித்துக் கல்லாகக் கனத்தது. நின்று கழற்றினால் உள்ளே அட்டைப்பூச்சி வேறு! பிய்த்து எறிந்துவிட்டு, ஷூவையும் வேலி ஓரம் வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஜீப்பில் ஏறிவிட்டார்கள். நன்றாக ஓடுகிறவர்கள் முன்னால் எங்கோ பனிக்குள் போய்விட்டார்கள். நடு ரோட்டில் நான் மட்டும் தனியாக.

வண்டிச்சோலை தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒரு சின்னப் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். குளிரில் பல் கிட்டிப் போய்விட்டது. அழுகை வந்தது, அழுதேன், மழையில் யாருக்குத் தெரியப்போகிறது? இவ்வளவுதான் நம் லட்சணம், ஜீப் வந்தால் ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்தப் பாலத்துக்கு மேலேதான் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த லைன் வீடுகள் இருந்தன. அங்கிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் சாக்கை மடித்துக் கவிழ்த்திருந்தார், கையில் கூடை. குன்னூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“ஐயோ, என்னா தம்பி இது, இந்தக் குளிருக்குச் சட்டை கூட சரியா இல்லாம?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் திரும்பி ஓடினார். வரும்போது ஒரு டம்ளரில் பால் விடாத டீயும், காகிதத்தில் கொஞ்சம் சர்க்கரையும் இருந்தன. “தேத்தண்ணி குடிங்க. சீனிய உள்ளங்கையில போட்டு நக்கிக்கிட்டே குடிங்க, சூடு ஏறும்” என்றார்.

அப்படி ஒரு டீயை நான் குடித்ததில்லை. ஒரு வாய் கசப்பு, ஒரு நக்கு இனிப்பு. வயிற்றில் இறங்க இறங்க உயிர் திரும்பியது. “ஏனுங்க்கா, குன்னூருக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்குதுங்க?” என்று கேட்டேன்.

“இந்தா இருக்கு, ரெண்டு கட்டைதான், தம்பி! சுறுக்கா போயிருவீங்க.”

ரெண்டு கட்டை! சிவப்புத் துணி கட்டிய கட்டை இன்னும் இரண்டுதான் பாக்கியா? இதற்கா உட்கார்ந்து அழுதேன்? சரியாக அந்த நேரம் ஜீப் வந்து நின்றது. உள்ளே இருந்தவர், “ஏறுப்பா, நீதான் கடைசி. உன்னையும் ஏத்திட்டா நாங்க போயிருவோம்” என்றார். நான் ராஜா மாதிரி கையை ஆட்டினேன். “நீங்க போங்க. ரெண்டு கட்டைதான்!” என்றேன். குளிரில் பையனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சலித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

டம்ளரைக் கொடுத்துவிட்டு எடுத்தேன் ஓட்டம். மிச்சம் வைக்காமல் ஓடினேன். முதல் கட்டை வந்தது. இரண்டாவது கட்டையும் வந்தது. அடுத்த வளைவில் பஸ் ஸ்டாண்டு, மாமா, மாலை, கெட்டிமேளம் என்று திரும்பினால், அங்கே இன்னொரு கட்டை நிற்கிறது. சரி, அந்தம்மா எண்ணுவதில் ஒன்று தவறியிருக்கும். அதற்கும் அடுத்த வளைவில் இன்னொன்று! சுற்றிலும் தேயிலையும் பனியும்தான். குன்னூரின் வாடையே இல்லை.

வந்ததே ஒரு கோபம்! கால் மறுபடி இழுத்தது, ரோட்டிலேயே சாய்ந்துவிட்டேன். ஜீப்பும் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறேன், கால் மடங்குகிறது. வாய்க்கு வந்தபடி அந்தம்மாவைத் திட்டிக்கொண்டு கிடந்தபோது, பனிக்குள்ளிருந்து அந்தச் சாக்குத் தலை வந்தது.

“ரெண்டு கட்டைன்னு சொன்னீங்களே, நாலு கட்டை தாண்டியாச்சுங்க!” என்று கத்தினேன்.

அவர் பதறிப்போய், “நாலு கட்டை தாண்டியிருந்தா நீங்க குன்னூரையும் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டுல இல்ல கெடக்கணும்?” என்றார். நான் சிவப்புத் துணியைக் காட்டினேன். அவர் அந்த மரக்கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சிலோனில் மைலைத்தான் ‘கட்டை’ என்பார்களாம். ரெண்டு கட்டை என்றால் இரண்டு மைல்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “அங்க பேசுன பேச்சு இங்க ஒருத்தருக்கும் விளங்குறதில்ல, தம்பி. கடையில கொச்சிக்கா குடுங்கன்னேன். மிளகாயத்தான் கேட்டேன். கொச்சிக்கே போய் வாங்கிக்கோன்னு சொல்லிக் கடையே சிரிச்சுச்சு. அதுலருந்து டவுனுக்குப் போனா வாயத் திறக்குறதில்ல, விரலக் காட்டித்தான் வாங்குறது. இன்னைக்கு என்னமோ உங்ககிட்ட வாய் வந்துருச்சு. அது உங்களுக்கே கெடுதலா முடிஞ்சிருச்சே” என்றார்.

எனக்கு என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இரண்டு மைல் என்று இவர் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிடமே ஜீப்பில் ஏறியிருப்பேன்! அதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் ஏன் ஓடுகிறேன் என்று கேட்டார். மாமன் மகள் கதையைச் சொன்னேன். “அட, கல்யாணக் காரியமா! எந்திரிங்க முதல்ல!” என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் காலை நீட்டிப் பிடித்து நீவிவிட்டார். பிறகு, “நீங்க முன்னுக்கு ஓடுங்க. நான் பின்னாலயே வாறேன். விழுந்தா தூக்கிவிடுவேன்” என்றார்.

நொண்டிக்கொண்டேதான் ஓடினேன். நான் ஓடுவதும் அவர் நடப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேகம். வெட்கக்கேடுதான். வழி நெடுக, பெண் என்ன நிறம், சமைப்பாளா, உங்கள் அம்மாவோடு ஒத்துப்போவாளா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டு வந்தபோது கட்டியிருந்த துணித் தோரணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக் கூரையின்கீழ் மழைக்கு ஒதுங்கிய கூட்டம். அதில் குடையோடு என் மாமா. முடிவுக் கோட்டைத் தாண்டி நான் போய் விழுந்ததும், போட்டி நடத்தியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எல்லாரும் வந்தாச்சு, ஜீப்பும் ஆளுங்கள எறக்கிட்டுப் போயாச்சே. நீ எந்த லாரியில வந்து எறங்குனே?”

எனக்குப் பேச மூச்சில்லை. மாமாவைப் பார்த்தேன்.  அவர் கண்ணிலும் அந்தச் சந்தேகம் வந்து போனது. முடித்தும் முடிக்காதவனாகிக் கிடந்தேன்.

அப்போதுதான் பின்னால் அந்த அக்காவின் குரல் கேட்டது.

“இந்தப் புள்ள லாரியில வரல்ல, ஐயா! ஜீப்புக்காரரு கூப்பிட்டும் ஏறல்ல. ரெண்டு கட்டை தூரமும் கால் இழுக்க இழுக்க என் முன்னுக்குத்தான் ஓடி வந்தாரு. நான் கண்ணால கண்டது!”

கூட்டத்தில் ஒருவன், “கட்டையாம்ல! வெறகுக்கட்டையா, கரிக்கட்டையா?” என்றான். டீக்கடையே கொல்லென்று சிரித்தது. இன்னொருவன் அவர் பேசியது போலவே இழுத்துப் பேசிக் காட்டினான். அவர் சாக்கைத் தலையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.  போச்சு, இனி இவர் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார். “சிரிங்க. நல்லாச் சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு இவரு பேர எழுதுங்க. இவரு ஓடித்தான் வந்தாரு!”

சிரிப்பு நின்றுவிட்டது.  மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் வரவில்லை. நேராக அந்த அக்காவிடம் போய்த் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார். “ஏனுங்க அம்மணி, எனக்கு நீங்க சொன்னது போதுமுங்க. அவுங்க எழுதுனா எழுதட்டும், எழுதாட்டிப் போகட்டும்” என்றார். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்து, “எந்திரிடா மாப்ளே” என்றார். அந்த ‘மாப்ளே’ இருக்கிறதே, ஆயிரம் கைதட்டலுக்குச் சமம்.

தை மாதம் அருவங்காட்டில் எங்கள் கல்யாணம். அந்த அக்கா குடும்பத்தோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, என் மனைவியின் சொந்தக்காரப் பெண்களோடு மணிக்கணக்கில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மழையில் நான் ஓடியதைப் பற்றிப் பேரன் பேத்திகளிடம் இன்றும் பீற்றிக்கொள்கிறேன். ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும், நான் ஓடியது என் கல்யாணத்துக்காக, என் ஆசைக்காக. தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற ஊருக்கு நடுவில், அந்தப் பேச்சிலேயே, முன்பின் தெரியாத ஒருவனுக்காக வாயைத் திறந்தாரே, அந்தத் துணிச்சலில் கால்வாசிகூட எனக்கு இன்றுவரை வரவில்லை.