அண்ணன் செய்த பத்து ஜிக்குகள்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னிடம் கேட்டுக்கொண்டார். நல்லதை மட்டும் எழுதினால் அது அண்ணனாக இருக்காது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சடையங்குப்பத்தில். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து வீடு கரைந்தது. அதே மாதம் அப்பா காய்ச்சலில் இறந்தார். அம்மா எங்கள் இருவரையும் ராயபுரத்துக்கு அழைத்து வந்தார். அண்ணன் ஒரு பட்டறையில் அரம் பிடித்துப் பழகி ஃபிட்டர் ஆனார். யுத்தம் முடிந்த சமயம் திருவொற்றியூரில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார்.

விசிறியின் அலுமினிய மூடிகளில் நாளெல்லாம், நூற்றுக்கணக்கில், துளை போட வேண்டும். மூடி மெல்லியது. வைஸ் இடுக்கியில் இறுக்கினால் வட்டம் கோணிப்போகும். கையால் பிடித்தால் டிரில் சிக்கிச் சுழற்றி அடிக்கும். மூடியை அசையாமல் பிடிக்கும் ஜிக் என்ற சீமைச் சாதனம் வாங்க முதலாளிக்கு மனமில்லை. அண்ணன் பழைய தண்டவாளத் துண்டை அடியில் வைத்து, மூடி படும் இடங்களில் அறுந்த பெல்ட்டின் தோலை ஒட்டி, ஒரே தள்ளில் இறுகும் கைப்பிடியோடு ஒரு ஜிக் செய்தார். மூடி அசையவில்லை, நசுங்கவும் இல்லை. ஒரு மூடிக்கு ஆன நேரத்தில் நான்கு முடிந்தன.

முதலாளி அதேபோல் பத்துக் கேட்டார், கோடைக்கு முன்பே. கைப்பிடி சுழலும் பின்னை நெருப்பில் காய்ச்சி எண்ணெயில் அமுக்கி, இரும்பு கெட்டிப்பட டெம்பர் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்து பிடி தளரும். அதற்கு நாள் வேண்டும் என்று அண்ணன் போர்மேனிடம் சொல்லிப் பார்த்தார்.

“இன்னாபா, அலுமினியம்தானே? இதுக்கு டெம்பரு இன்னாத்துக்கு? அப்பால பாத்துக்கலாம்” என்றார் போர்மேன்.

அண்ணன் சரி என்றார்.

நான்கு மாதத்தில் என் மெஷினில் பின் தேய்ந்து கைப்பிடி விட்டது. மூடி சுழன்று என் வலக்கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று.

கம்பெனி விசாரணையில் கையில் கட்டோடு என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் கைப்பிடியைச் சரியாக அழுத்தவில்லை என்று எழுதிய காகிதத்தை, கையெழுத்துக்காக அண்ணனிடம் நீட்டினார்கள். அவர் பேனாவைத் தொடவில்லை.

“எந்தம்பி மேல தப்பு இல்லீங்க. பின்னுக்கு டெம்பரு ஏத்தல. தேயும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குட்த்தேன்.”

எனக்கு நஷ்டஈடு கிடைத்தது. அண்ணனுக்கு வேலை போயிற்று. எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். என் காதில் நின்றது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். தெரிந்தே என்னை அங்கே நிற்க வைத்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருடம் அவரோடு நான் பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சைக்கிள் கடையில் கூலிக்குப் போனார். ஞாயிறு காலைகளில் கரி அடுப்பில் பின்களைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்குவார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒருநாள், என் மெஷினில் இப்போது நிற்பவர் வீட்டுக்கு வந்தார்.

“உங்கண்ணன் கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு ஆளுக்கு ஒரு பின்னு குட்த்தாரு. சோத்து டப்பால வெச்சு எட்த்துகினு போ, சாப்பாட்டு மணில மாத்திடுன்னாரு. பத்தும் மாத்தியாச்சு. வாட்ச்மேன் புட்ச்சுத் தள்ளுனான், மறுநாளும் வந்து நின்னாரு.”

அன்று அண்ணனோடு சேர்ந்து சாப்பிட்டேன்.

அதன்பின் அண்ணனுக்கு இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் வார்டில் ஏழு வாரம் கிடந்தார். ஒரு மாலை என்னைப் பார்த்து, “நான் அன்னிக்கே மாட்டேன்னு சொல்லி இருக்கணும்டா” என்றார்.

“ஆமாண்ணா” என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தலையசைத்து, என் வலக்கையை எடுத்துத் தம் மார்மேல் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்திரண்டு.

வார்டுக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், இறுதி ஊர்வலத்துக்கு வண்டி தந்து கூடவே நடந்த வண்ணாரப்பேட்டை பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சோற்று டப்பாவில் பின் கொண்டுபோன பத்துப் பேரின் பெயரை இங்கே எழுதினால் அவர்கள் வேலைக்கு ஆபத்து. இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். அந்த மெஷின்களில் இன்றுவரை வேறு யார் கையும் போகவில்லை.