எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்!

போன குளிர்காலம், டெல்லியில் நடந்த வட்டார மகளிர் கிளப் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி அன்று நடந்தது இது. கால்பந்தில் எனக்கு கோல் விழுந்தால் கைதட்டத் தெரியும், அவ்வளவுதான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் அரசாங்க குமாஸ்தா நான். மகளிர் அணி என்றால் கூடவே ஒரு பெண் மேனேஜர் இருந்தே தீரவேண்டும் என்று விதியாம். என் மகளுடன் ஆடும் பெண்களின் அம்மாக்கள் எல்லாரும் நைசாக நழுவிவிட, நான் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. எதிர் அணியின் கோச், ஐம்பது வயது மனுஷர், எங்கள் அணியின் கோல் போடும் பெண்ணைக் காட்டி, "இது பொண்ணே இல்ல, பையன்!" என்று இந்தியில் கத்த ஆரம்பித்தார். ஏனாம்? முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாளாம், தோள் அகலமாம். முந்தின ஆட்டத்தில் நாலு கோல் போட்டாளே, வயிற்றெரிச்சல் அதுதான்!

அடையாள அட்டையெல்லாம் ஏற்கெனவே சரிபார்த்து வாங்கியவர்தான் போட்டி அதிகாரி. ஆனாலும் தலையைச் சொறிந்துகொண்டு, "பக்கத்து ரூம்ல ஒரு லேடி இருக்காங்க. ரெண்டு நிமிஷம் பார்த்துச் சொல்லட்டும். இல்லேன்னா மேட்ச் அவங்களுக்குத்தான்" என்றார்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன். நேரே அந்தப் பெண்ணிடம் போய், "ரெண்டு நிமிஷம்தானே பேட்டா, போய்க் காட்டிட்டு வந்துடு" என்றேன். நானேதான் சொன்னேன். மேட்ச் போய்விடுமே என்ற பதற்றம். அவள் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

என் மகள் குறுக்கே வந்து நின்றாள். "உன்னைக் காட்டச் சொன்னா நீ போவியா மம்மி?" தமிழில் பேசுடி என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் இந்தியிலேயே பதில் சொல்கிறவள், அதைத் தமிழில் கேட்டாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! பாதி அந்த ஆள் மேல், பாதி என் மேலேயே. விறுவிறுவென்று அதிகாரியின் மேஜைக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வாய் கூசாமல் சொல்வதை எந்த மகராசனும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்தக் கோச் முன்னால் வைத்தேன்.

"இவளோட துணியை அவிழ்த்துப் பார்க்கணும்னு எழுதுங்க. கீழே உங்க பேர், போன் நம்பர், கையெழுத்து. சார், அதுக்கும் கீழே நீங்க 'அனுமதிக்கிறேன்'னு எழுதி சீல் வையுங்க. எனக்கு ஒரு காப்பி வேணும்" என்றேன் என் ஓட்டை இந்தியில்.

"எதுக்கு ஆன்ட்டிஜி இவ்வளவு பெரிசாக்கறீங்க?" என்று இளித்தார் கோச்.

"பெரிசாக்கினது நீங்க. எழுதுங்க. முடியாதுன்னா வாயை மூடிட்டு ஆட விடுங்க."

மனுஷர் பேனாவைத் தொடவே இல்லை. அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், "ஜல்தி, ஜல்தி, டைம் ஆச்சு" என்று ரெஃபரியைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் அவர்கள் வீரம்!

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்தப் பெண்ணால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அந்த மனநிலையில் எப்படி முடியும்? திரும்பும்போது வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல ஆன்ட்டி" என்றாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு டோர்னமென்ட்ல காட்டிட்டுத்தான் ஆடினேன். ரெண்டு தடவையும் எங்க டீம் ஆளுங்கதான் 'போ'ன்னு அனுப்பினாங்க."

இந்த வருஷம் மேனேஜர் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோப்பை வந்தால் வரட்டும், போனால் போகட்டும். நான் இருக்கிறவரை எங்கள் பெண்களில் ஒருத்தியும் தான் பெண்தான் என்று எவனுக்கும் காட்டப் போகமாட்டாள்.