பைன் பலகையில் ஒரு கறுப்பு

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. தரைக்கும் படிக்கட்டுக்கும் வெளிநாட்டு மரம் இறக்கும் ஒரு நிறுவனத்தில், கொல்கத்தா சால்ட் லேக்கில், வந்தது எந்த மரம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு சீவலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதும். ஓக்கில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் தெரியும். பைனில் அவை கிடையாது. பிசின் ஓடிய தடம் மட்டும் அங்கங்கே இருக்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் கையால் தெரியும். செங்கோட்டையில் மரம் அறுக்கும் மில்லில் இருந்தார். பைன் அறுத்த நாளில் சட்டையெல்லாம் பிசின் மணக்க வருவார். எப்போதாவது ஓக் வந்தால் கை இரண்டும் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும், சோப்புக்கும் போகாது. ஓக்கில் துவர்ப்பு அதிகம், ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்பதைக் கல்லூரியில் படித்தபோது, அந்தக் கைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் அப்பா இறந்துபோனார். அம்மாவை நியூ டவுனில் நான் இருக்கும் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தேன். எங்கள் நிறுவனத்துக்கு மில்லிலிருந்து மிச்சத் துண்டாக வரும் பைன் பலகைகளில் ஒன்றைச் சுவரில் அடித்து, அப்பாவின் படத்தை வைத்தேன். படத்துக்கு முன்னால் அம்மா அவருடைய அரத்தை வைத்தாள். வாள்பல் தீட்டுகிற பழைய இரும்பு அரம்.

அம்மாவுக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. தனியாகவாவது ஊருக்குப் போகிறேன் என்றாள். அங்கே பூட்டிய வீடும் வாய்க்கால் படித்துறையும் தவிர யாரும் இல்லை. அவளுக்கு இரண்டு முறை மயக்கம் வந்திருந்தது.

"அங்க யாரு இருக்காம்மா?"

"ஒங்கப்பா இருக்காவ. இந்த வீடு அவுகளுக்குத் தெரியாதுட்டி. பதினோராவது மாடி. லிஃப்டுல எந்தப் பட்டன அமுக்குவாவ?"

அவள் கேலி செய்யவில்லை. துர்கா பூஜை முடிந்ததும் போவதற்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். முகத்தில் பல மாதமாக இல்லாத சிரிப்பு.

"வந்துட்டாவ. வந்து பாரு."

பலகையில், அரத்தின் ஓரத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புக் கறை. அப்பாவின் கையில் இருந்த அதே நீலக் கறுப்பு.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணு," என்றாள் அம்மா.

கேட்டதுமே பண்ணினேன். நான் வேண்டியது அதுதான். ஆனால் சாப்பிட உட்காராமல் பலகையிடமே திரும்பினேன். பைனில் இரும்பு பட்டால் செந்துருதான் ஏறும், இப்படிக் கறுக்காது. ஒருவேளை நானே பைனுக்குப் பதில் ஓக்கை மாற்றி எடுத்து வந்துவிட்டேனா என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு துளை இல்லை. பைன்தான். அதற்குப் பிறகு அந்தப் பலகையைத் தாண்டும்போது பக்கவாட்டில் நடந்தேன். மத்தியான வெயில் பட்டால் அதிலிருந்து பிசின் மணக்கும், அறையில் யாரோ சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல்.

பூஜை விடுமுறை வந்தது. கீழே பந்தலில் டாக் மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து கண்ணாடி டம்ளரில் பாலில்லாத கட்டன் சாயா கொண்டு வந்து, அரத்தின் மேல் வைத்தாள். தளும்பிய சாயா அரத்தின் வழியே பலகையில் சொட்டியது.

"தினமும் வைப்பியாம்மா?"

"மில்லுல மூணு மணிக்குச் சாயா வரும்லா. பழகிட்டாவ."

தேயிலையிலும் துவர்ப்புதான். ஓக் மரத்தில் இருக்கிற அதே சங்கதி. இரும்பும் சாயாவும் சேர்ந்து மையாகிப் பலகையில் இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாதது ஒரு நொடியில் அவிழ்ந்தது. சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை.

"என்னட்டி அப்படிப் பாக்க?"

சொன்னால் நாளைக்கே மறுபடி டிக்கெட் கேட்பாள். பூட்டிய வீடும் படித்துறையும் கண்முன் வந்தன.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் மாவு பிசையப் போனாள். பயம் போய்விட்டது என்று எனக்கே காட்டிக்கொள்ள எழுந்து பலகையிடம் போனேன். கட்டைவிரலைக் கறையின் மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரே விரல் என்று அம்மா சின்ன வயதில் சொல்வாள்.

"அவுக சாயா ஆறிட்டுதான்னு பாரு," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

டம்ளரைப் பார்த்தேன். தளும்பத் தளும்ப வைத்தது. இப்போது பாதிதான் இருந்தது.

அதற்கும் ஒரு காரணம் இருக்கும். நான் தேடவில்லை.

"குடிச்சிட்டு இருக்காவம்மா," என்றேன்.