வெளுத்த இமைகளுக்கு நான் இட்ட எண்

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டில் ஐந்து செம்மறி ஆடுகளைச் சாகவிட்டவன் நான். அந்தச் சாவுகளைக் காட்டித்தான் எங்கள் தடுப்பூசி பெயர் வாங்கியது. இதை இந்த வயதில் வெளியே சொல்ல வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள், பழைய மேலதிகாரி சொன்னார், என்னிடம் படித்த மாணவன் சொன்னான். சொல்லப் போகிறேன்.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் ஆட்டுக் குடற்புழுக்களோடு கழித்தேன். வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் உக்கடம் பக்கம் ஆடு அறுக்கும் இடத்துக்குப் போய் இரைப்பைகளை வாங்கி வருவேன். கத்தரியால் பிளந்தால் உள்ளே மெல்லிய புழுக்கள் நெளியும். ஒவ்வொரு பெண் புழுவிலும் ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை கயிறுபோல முறுக்கியிருக்கும். ஓர் ஆட்டுக்குள் ஆயிரக்கணக்கில் இருந்து ரத்தம் குடிக்கிற பிராணி அது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கும் பழகிப்போயிருந்தது.

எங்கள் யோசனை எளிது. புழுவின் குடலிலிருந்தே ஒரு புரதத்தைப் பிரித்து ஆட்டுக்கு ஊசியாகப் போட வேண்டும். ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பு உண்டாகும். அந்த ரத்தத்தைக் குடிக்கிற புழுவின் குடல் கெடும். ஆய்வுக்கூடத்துக் கொட்டிலில் இது பலித்தது. மேய்ச்சல் காட்டில் பலிக்குமா என்று பார்க்கத்தான் அந்தக் கொறங்காட்டுக்குப் போனோம்.

கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் இரவும் பகலும் அங்கேயே கிடக்கும். வெளி ஆடு கலக்காது. ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தக் காட்டுக்காரர் ஐம்பது வயதுப் பெண்மணி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். நாற்பது ஆடுகளையும் மூன்று கொறங்காடுகளையும் இவரே பார்த்துக்கொண்டார். பாதி ஆடுகளுக்கு நீலக் காதுவில்லை, பாதிக்கு மஞ்சள். நீலத்துக்குத் தடுப்பூசி, மஞ்சளுக்கு வெறும் உப்பு நீர். எந்த நிறத்துக்கு எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஐப்பசி மழை பெய்து பத்து நாளில் அவர் படலண்டை நின்று சொன்னார்.

"ஏனுங் டாக்டரு, இந்தக் காட்டுல இனிப் புழு ஏறுமுங்க. ஆட்ட மேக்காட்டுக்கு மாத்திப்போடறேனுங்க."

மழைக்குப் பின் காடு மாற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். புழுவின் வாழ்க்கையை ஏட்டில் படிக்காமலே கண்டுபிடித்த வழக்கம். எனக்கோ புழு ஏற வேண்டும்.

"மாத்தக் கூடாதுங்க அம்மணி. புழு ஏறுனாத்தான் ஊசி வேலை செய்யறது தெரியும்."

"அது தெரியறதுக்கு எம்பட ஆடுதான் கெடச்சுதுங்களா?" என்று சிரித்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். படித்தவன் சொல்லைத் தட்டக் கூடாது என்று அவர் நினைத்தார். அந்த மரியாதையை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆட்டுக்கு ரத்தம் குறைகிறதா என்று அறிய ஓர் அட்டை உண்டு. கீழ் இமையை இழுத்து, அதன் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு எண் இட வேண்டும். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெளுப்பு. நான்கோ ஐந்தோ வந்தால் அன்றே புழு மருந்து கொடுக்க வேண்டும். நாங்களே எழுதிக் கையெழுத்திட்ட விதி அது. காதுவில்லை நிறங்களின் ரகசியம் தெரிந்தவன் எண் இடவே கூடாது என்பதும் விதிதான். நானே இட்டேன். மஞ்சள் ஆடுகளுக்கு மருந்து கொடுத்துவிட்டால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ஆகவே நான்கு வந்த இடத்தில் மூன்று என்று எழுதினேன். ஐந்து வந்த இடத்திலும் மூன்று என்று எழுதினேன்.

ஆட்டின் தலையைப் பிடித்திருந்த அவர் எட்டிப் பார்த்தார். "டாக்டரு, வெள்ள வேட்டியாட்டங் கெடக்குது. இதா மூணு?"

"வெயில்ல அப்படித் தெரியுதுங்க."

அடுத்த வாரம் மஞ்சள் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. இரண்டு செத்தன. பிறகு மூன்று செத்தன. நீல ஆடு ஒன்றும் சாகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது: அன்று ஜீப்பில் திரும்பும்போது எனக்குள் மகிழ்ச்சிதான் இருந்தது.

மறுமுறை போனபோது படல் கட்டியிருந்தது. அவர் குறுக்கே நின்றார்.

"ஒரு எட்டு உள்ள வெச்சீங்கன்னா மருவாதி கெட்டுப்போயிருமுங்க. மஞ்சத் தோடு போட்டதுதான் சாவுது, நீலத் தோடு துள்ளுது. மஞ்சளுக்கு என்னத்தக் குத்துனீங்க, தண்ணியா?"

"அது ரகசியமுங்க அம்மணி."

"ரகசியமா! செத்த ஆட்டுக்கே தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரியக் கூடாதுங்களா?"

காங்கேயத்துக் கடையில் புதிதாக வந்த மருந்தை வாங்கி எல்லா ஆடுகளுக்கும் ஊற்றிவிட்டு, மந்தையை மேல்காட்டுக்கு மாற்றியிருந்தார். வெட்டியெடுத்த காதுவில்லைகளை ஒரு கயிற்றில் கோத்து வேலிக்கு மேலாக நீட்டினார். "இந்தாங்க உங்க நகை. பத்திரமா எடுத்துட்டுப் போங்க." எங்கள் ஓட்டுநர் சிரிப்பை அடக்க ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அறிக்கையில் ஐந்து சாவுகளையும் எழுதினேன். எண்களை மூன்றாகவே விட்டேன். ஆய்வு பாதியில் நின்றதற்கு, உரிமையாளர் ஒத்துழைக்கவில்லை என்று காரணம் எழுதினேன். அந்த ஒரு வரி அலுவலகத்திலிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சந்தையில் அவரை 'ஊசியக் கெடுத்தவ' என்று கேலி செய்தார்கள். பின்னால் இலவசக் குட்டிகள் கொடுத்த திட்டத்தில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, இந்த ஆண்டு, இப்போது ஆய்வுக்கூடத் தலைவராக இருக்கும் என் மாணவன் வீட்டுக்கு வந்தான். பல்லடம், காங்கேயம் இரண்டு பக்கமும் பெரிய ஆய்வு தொடங்கப் போகிறார்களாம். ஆட்டுக்காரர்களிடம் நான் நான்கு வார்த்தை பேச வேண்டுமாம். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளுத்துப்போனான்.

"இப்பச் சொன்னா ஊசியே நின்னுபோயிருங்க சார்."

"நிக்காது கண்ணு. நீல ஆட்டுல புழு கொறஞ்சது நெசம், அத எண்ணுனது நானில்ல, வேற ஆளு. அப்படியும் ஒரு நெசத்தச் சொன்னதுக்கே விழுந்துபோற ஊசின்னா, விழட்டும்."

"உங்க பேரு என்னங்க சார் ஆகும்?"

"அது அந்த மழையிலயே போயிருக்கோணும்."

இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். தடுப்பூசி வேலை செய்கிறது. நான் பொய் எழுதினேன். இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் மற்றது நிற்கும் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அறிக்கையை வெளியிட்ட ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதினேன். எண்கள் பொய், விதியை மீறியவன் நான், அந்தப் பெண்மணி செய்தது சரி என்று எழுதினேன். அதைத் தமிழிலும் எழுதி எடுத்துக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறினேன். அவர் தலை நரைத்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடி போட்டு, வேலியோரம் நின்றபடியே வரி வரியாகப் படித்தார்.

"என்னை மன்னிக்கோணுமுங்க" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. செத்தது அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. அதுல ஒன்னு சினைங்க. நானே அறுத்துப் பாத்தேன், வவுத்துல ரெட்டைக் குட்டி. அந்த ரெண்டும் எங்கீங்க?"

"பொறக்காத குட்டிய ஆய்வுல சேக்க மாட்டாங்க அம்மணி."

"அது ஆரு போட்ட சட்டமுங்க? மூணுன்னு எழுதுனவிகளா?"

தாளைத் திருப்பி நீட்டினார். "எழுதுங்."

வேலிக்கல் மீது தாளை வைத்து எழுதினேன்: இறந்த ஆடுகளில் ஒன்று சினை, வயிற்றில் இரண்டு குட்டிகள். அவர் மறுபடி படித்துப் பார்த்துவிட்டுத்தான் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

அந்த வரியையும் சேர்த்துத் திருத்தத்தை இதழுக்கு அனுப்பினேன். அது ஆய்வு முறைக்குப் பொருந்தாது, நீக்கினால் மற்றதை வெளியிடலாம் என்று இதழிலிருந்து பதில் வந்தது. நீக்காமல் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில். இன்று காலை மூன்றாம் முறையாக, அந்த வரியோடுதான் அனுப்பியிருக்கிறேன்.